கூடு எவர்க்கு?

ஆங்கிலர் 'வேல்சு' என்று அழைக்கும் நாட்டை அந்நாட்டு மக்கள் தம் தாய்மொழியில் 'கம்ரி' என்பர். 31 இலக்கம் மக்களே வாழும் சிறு நாடு அது. மலையும் மழையும் மிக்கது. அதன் தென்பகுதிப் பள்ளத்தாக்குகளில் வெட்டியெடுத்த நிலக்கரியே ஒரு காலத்தில் ஆங்கில வல்லரசின் போர்க்கப்பல்களை உலகக் கடல்களிலெல்லாம் ஓட்டிற்று. கார்டிப்பு, பாரி ஆகிய துறைமுகங்களின் வழியே அக்கரி வெளியேறிற்று. அதை வெட்டியவன் குடியிருந்த கல்வீடோ குளிரில் நடுங்கிற்று. வரிசை வரிசையான அவ்வீடுகள் இன்றும் நிற்கின்றன. அந்நாட்டு வீடுகளுள் கால்பங்குக்கு மேற்பட்டவை 1919-க்கு முன் கட்டப்பெற்றவை. தனியார் குடிக்கூலிக்கு விடும் வீடுகளிலோ பழையவற்றின் பங்கு இன்னும் மிகுதி.

அப்பழஞ்சுவர்கள் ஒற்றைக் கட்டானவை. பிற்காலத்து வீடுகளுக்குள்ள இரட்டைச் சுவரும் இடைவெளியும் அவற்றுக்கு இல்லை. ஆதலின், இடைவெளியை நிரப்பி வெப்பத்தை உள்ளே நிறுத்தும் எளிய வழி அங்குச் செல்லாது. சுவரின் உட்புறத்தோ வெளிப்புறத்தோ காப்புப் பலகை பொருத்துதல் வேண்டும். அதற்குப் பெருஞ்செலவாகும். அச்செலவைச் செய்ய வேண்டியவர் வீட்டுக்குரியார். குளிரில் வாடுபவரும், எரிவளிக்கும் மின்னுக்கும் பணங் கட்டுபவரும் குடிக்கூலிக்கு இருப்பவர். செலவு ஒருவர்க்கும் பயன் மற்றொருவர்க்கும் என்றிருக்குங்கால் சுவர் கிடந்தபடியே கிடக்கும். இச்சிக்கல் கம்ரிக்கு மட்டும் உரியதன்று. குடிக்கூலி வழக்கமுள்ள நாடுகளுக்கெல்லாம் பொதுவானது.

கிடந்தபடியே கிடக்கும் சுவரில் ஈரம் ஏறும். ஈரத்தில் பூஞ்சணம் படரும். பூஞ்சணம் நெஞ்சில் இறங்கும். அண்டை நாடான இங்கிலாந்தின் உரோச்டேல் நகரில், பொதுவீட்டமைப்பு ஒன்று குடிக்கூலிக்கு விட்டிருந்த வீட்டில் வாழ்ந்த இரண்டு அகவைக் குழந்தை 2020 திசம்பரில் இறந்தது. வீட்டில் நெடுநாள் படர்ந்திருந்த பூஞ்சணமே அக்குழந்தையின் உயிரைக் குடித்தது என்று இறப்பு உசாவல் அலுவலர் 2022-இல் முடிவு கூறினார். பெற்றோர் முறையிட்டும் வீடு திருத்தப்படவில்லை. வீட்டுச் சுவரைப் பற்றிய பேச்சு வெறும் கட்டடப் பேச்சன்று.

கம்ரியின் அரசு இதற்கெனத் திட்டங்கள் வகுத்தது. தெருத் தெருவாக வீடுகளைத் திருத்தும் திட்டத்தை 2009-இலும், ஏழைக் குடும்பங்களை நாடிச் செல்லும் திட்டத்தை 2011-இலும் தொடங்கிற்று. முன்னதற்கு இட்ட பெயர் 'ஆர்பெட்'. மிச்சப்படுத்துதல் என்பது பொருள். பின்னதற்கு இட்ட பெயர் 'நித்'. கூடு என்பது பொருள். இரண்டும் அந்நாட்டு மொழியின் சொற்கள். தமிழர் சற்று நின்று நோக்கத்தக்க இடம் இது. தாய்மொழி பேசிய பள்ளிக் குழந்தையின் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிட்ட 19-ஆம் நூற்றாண்டுக் கொடுமையைக் கண்ட மொழி அது. 2021 குடிக்கணக்கின்படி அதனைப் பேசுவோர் நாட்டு மக்களுள் 17.8 விழுக்காட்டினரே. ஆயினும் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஆட்சிமொழி நிலை தந்தது. குடிக்கூலி வீடுகளைப் பற்றிய 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் இரு மொழிகளிலும் இயற்றப்பெற்றது. இரண்டு வடிவங்களும் ஒத்த மதிப்புடையவை. வீட்டுக்குரியார் குடியிருப்பவர்க்குத் தரவேண்டிய உடன்படிக்கைக்கு மாதிரிப் படிவங்களை அரசே இரு மொழிகளிலும் வெளியிட்டது. கிழவியும் படித்துத் தன் உரிமை இன்னதென்று அறியலாம்.

குடிக்கூலியைக் குறிக்க அம்மொழியில் இன்று வழங்கும் சொல் ஆங்கிலத்தினின்று புகுந்ததே. அது கொண்டு அவர்களை எள்ளி நகைக்கும் தகுதி தமிழர்க்கு இல்லை. 'குடிக்கூலி' என்னும் பொருள்பொதிந்த சொல் இருக்க, அதனை அகரமுதலியில் உறங்கவிட்டு 'வாடகை' என்று வாய்நிறையச் சொல்பவர் தமிழர்.

பெயர் நன்று. செயல் எத்தகையது? நித் திட்டத்தின் கீழ்க் குறைந்த வருவாயினர்க்குக் காப்புப் பலகையும், புதிய வெப்பப் பொறியும் விலையின்றிப் பொருத்தித் தரப்படுகின்றன. தனியார் வீட்டில் குடிக்கூலிக்கு இருப்பவரும் இதனைப் பெறலாம். வீட்டுக்குரியார் இசைவு வேண்டும். இங்கேதான் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏழையின் பெயரால் வழங்கிய பொதுப்பணம் எவர் சுவரில் போய் ஒட்டுகிறது? வீட்டின் மதிப்பு உயர்கிறது. உயர்ந்த மதிப்பு உரியாரைச் சேர்கிறது. அந்நாட்டுச் சட்டப்படி, காலவரையில்லா உடன்படிக்கையில் இரண்டு திங்கள் முன்னறிவித்து ஆண்டுக்கொருமுறை குடிக்கூலியை உயர்த்தலாம். ஆறு திங்கள் முன்னறிவித்துக் கரணியம் கூறாமலே வெளியேற்றவும் சட்டம் இடம் வைத்தது. இங்கிலாந்தோ கரணியம் கூறா வெளியேற்றத்தை ஒழிக்க 2025-இல் சட்டம் இயற்றிவிட்டது. மொழியில் முந்திய கம்ரி இதில் ஆங்கிலர்க்குப் பிந்தியது வருந்தத்தக்கதே. எவர் பெயரைச் சொல்லி வீடு வெதுவெதுப்பாயிற்றோ அவரே மறு குளிர்காலத்தில் வேறு குளிர்வீடு தேடி அலைய நேரின், கூடு எவர்க்குக் கட்டப்பெற்றது?

கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லாமலில்லை. வீடுகளை ஆற்றல் திறத்தால் ஏழு நிலையாகப் பகுத்து, ஐந்தாம் நிலைக்குக் கீழ்ப்பட்ட வீட்டைக் குடிக்கூலிக்கு விடலாகாது என்று இங்கிலாந்துக்கும் கம்ரிக்கும் பொதுவாக ஒழுங்கு செய்தனர். 2018 ஏப்பிரல் முதல் புதிய உடன்படிக்கைகளுக்கும், 2020 ஏப்பிரல் முதல் நடப்பிலிருந்தவற்றுக்கும் அது பொருந்திற்று. ஆனால், வீட்டுக்குரியார் 3,500 பவுனுக்கு மேல் செலவிட வேண்டியதில்லை என்று வரம்பும் வைத்தனர். ஒற்றைக் கற்சுவர்க்கு அத்தொகை எம்மூலைக்கு?

செருமனியில் வேறொரு வழி கண்டனர். வீட்டைத் திருத்த ஆகும் செலவில் ஆண்டுக்கு 8 விழுக்காட்டை, அஃதாவது 10,000 யூரோவுக்கு 800 யூரோவை, ஆண்டுக் குடிக்கூலியில் ஏற்றிக்கொள்ளலாம். 2018 முடிய இது 11 விழுக்காடாக இருந்தது. அரசு தந்த நல்கையைக் கழித்தே கணக்கிடல் வேண்டும் என்பதும், ஏற்றத்துக்கு உச்ச வரம்பு உண்டு என்பதும் பாராட்டத்தக்கன. ஆயினும், பன்னிரண்டரை ஆண்டில் செலவு முழுதும் மீண்ட பின்னரும் ஏறிய கூலி இறங்குவதில்லை! 2023 முதல் செய்த ஏற்பாடோ மெச்சத்தக்கது. எரிபொருளின் மீதான கரிவளிக் கட்டணத்தைப் பத்துப் படிநிலையாகப் பகுத்து, வீடு எவ்வளவு கெட்டதோ அவ்வளவு பங்கை உரியார்மேல் சுமத்தினர். மிகக் கெட்ட வீடாயின் 95 விழுக்காடு அவரே கட்டுதல் வேண்டும். மிக நல்ல வீடாயின் அவர்க்கு ஒன்றுமில்லை. சுவரைப் பேணாதவன் கையை அக்கணக்கே சுடுகிறது.

கம்ரியின் திட்டங்களுள் நடுநிலையோடு நோக்குவார் உள்ளத்தைக் கவர்வது, பெயர்ப்பெருமை இல்லாத மற்றொன்று: குத்தகைத் திட்டம். வீட்டுக்குரியார் தம் வீட்டை ஐந்து முதல் இருபது ஆண்டு வரை உள்ளாட்சியினிடம் ஒப்படைக்கிறார். ஆற்றல் திறத்தை மூன்றாம் நிலைக்கு உயர்த்தவும் வீட்டைச் செப்பனிடவும் 5,000 பவுன் வரை நல்கை பெறுகிறார். ஆளின்றிக் கிடந்த வீடாயின் இன்னும் மிகுதி. வீடு வெறுமையாயினும் கூலி தவறாது வரும். மாறாக, அக்கூலி அரசு வரையறுத்த அளவினது. வீடின்றித் தவிப்பவர் அதில் நெடுங்காலம் அமைந்து வாழ்வர். பொதுப்பணம் சுவருக்குள் செல்கிறது. அதனோடு ஒரு கடமையும் செல்கிறது. இதுவே ஒப்புரவு.

வீட்டுக்குரியாரெல்லாரும் கொள்ளையரல்லர். ஒரே வீட்டைக் கட்டி அதன் கூலியில் முதுமையைக் கழிப்பவர் எங்கும் உளர். அவர்மேல் பெருஞ்செலவைச் சுமத்திவிட்டு அரசு ஒதுங்கி நின்றால், அவர் வீட்டை விற்றுவிடுவார்; குடியிருந்தவர் தெருவில் நிற்பார். ஆதலின் நல்கை வேண்டும் என்பதில் வழக்கில்லை. எக்கட்டுமின்றி நல்குவதே தவறு.

தமிழ்நாட்டில் குளிர்க்கு மாறாக வெயில். கற்காரைக் கூரையின்கீழ் மேல்மாடியில் குடிக்கூலிக்கு இருப்பவர் சித்திரை வெயிலை இரவிலும் துய்க்கிறார். கூரைமேல் வெண்சுண்ணம் பூசினாலே சூடு தணியும். பூச வேண்டியவர் கீழ்வீட்டில் நிழலில் இருக்கிறார். ஈரிரு திங்கட்கு 100 அலகு மின்னை விலையின்றி வழங்குவதாக 2016-இல் தமிழக அரசு அறிவித்தது. தனி அளவி காட்டி, அலகுக்கு இத்துணை உரூபா என்று தாமே விலை வைத்துத் தண்டிய வீட்டுக்காரர் கைக்குள் அந்நல்கை அடங்கிப் போன கதையைச் சென்னைத் தெருக்களில் எவரும் கூறுவர். 2024-இல் நடுவணரசு கூரைக் கதிரவ மின்னுக்கு 78,000 உரூபா வரை நல்கும் திட்டத்தை அறிவித்தது. அதன் பெயர் 'சூரிய கர் முப்த் பிச்லி யோசனா'. சொந்தக் கூரையுடையார்க்கே அது உரியது. குடிக்கூலிக்கு இருக்கும் தமிழனுக்கு அத்திட்டத்தில் இடமுமில்லை. அதன் பெயரைப் படித்துப் பொருளுணரும் வாய்ப்புமில்லை. கம்ரியின் ஏழைக்கு இவ்விரண்டனுள் பின்னதேனும் கிடைத்தது.

குடிக்கூலி உடன்படிக்கை எழுத்திலேயே இருத்தல் வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அது 2019 பிப்பிரவரியில் நடைமுறைக்கு வந்தது. அவ்வெழுத்து தமிழில் இருத்தல் வேண்டும். கூரைக்கோ சுவர்க்கோ அரசின் நல்கை பெற்ற வீட்டில் ஐந்தாண்டு வரை அதனைக் காட்டிக் குடிக்கூலியை உயர்த்துதலும், இருப்பவரை வெளியேற்றுதலும் கூடா என்று அதில் ஒரு வரி சேர்த்தல் வேண்டும். மின்னுக்கு வாரியத்தின் விலையன்றிப் பிறிது தண்டலாகாது என்பது மற்றொரு வரி. சட்டமன்றத்தில் இதனை எழுப்பக் கட்சி எதுவும் முன்வரின், அதற்குரிய தமிழ்ச் சொற்கள் ஆயத்தமாகவே உள்ளன.