ஜிம்மை விடலாம், சுமையை விடக் கூடாது

ஜிம் கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால், நம் மக்கள் உடற்பயிற்சியிலிருந்து விலகி நிற்பதற்குக் கட்டணம் ஒன்றே காரணமாக இருந்ததில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை. பெண்களிடம் இந்தக் குறை ஆண்களைவிட அதிகம். அலுவலகம், பேருந்துப் பயணம், சமையல், பிள்ளைகளின் படிப்பு என்று பொழுது கரையும் வீடுகளில், ஜிம்முக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவது பெரும்பாடு. சேர்ந்துவிட்டு நின்றுபோனவர்களுக்கு வீட்டிலேயே செய்யலாமே என்று தோன்றும்போதும், அது இரண்டாம்தரப் பயிற்சி, வேறு வழியில்லாமல் செய்துகொள்ளும் சமாதானம் என்ற எண்ணம் குறுக்கே வருகிறது. அந்த எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை. போட்டிக்குத் தயாராகாமல், உடல் வலுவுக்காகவும் ஆரோக்கியத்துக்காகவும் பயிற்சி செய்பவருக்குத் தரையும் சுவரும் ஒரு ரப்பர் பட்டையும் போதும். ஆனால், ஜிம்மில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமையை ஏற்றிய அந்த ஒழுங்கும் கூடவே வீட்டுக்கு வர வேண்டும்.

தசை எதனால் வளர்கிறது என்பதில்தான் இந்த வாதத்தின் அடித்தளம் இருக்கிறது. அதிக எடையைத் தூக்கினால்தான் தசை வளரும் என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏற்கெனவே பயிற்சி பெற்றிருந்த 49 ஆண்களில் ஒரு பிரிவினர் கனமான எடையை 8 முதல் 12 தடவையும், மற்றவர்கள் குறைந்த எடையை 20 முதல் 25 தடவையும் தூக்கினார்கள். இரு பிரிவினரும் இனி ஒருமுறைகூட முடியாது என்ற நிலை வரும்வரை செய்தார்கள். 12 வாரங்களுக்குப் பிறகு இரு பிரிவினரின் தசை வளர்ச்சியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. எளிய வேலைக்கு உடல் சிறிய தசை நார்களையே முதலில் பயன்படுத்துகிறது. அவை களைத்த பிறகுதான் பெரிய நார்களை அழைக்கிறது. களைப்பின் எல்லையை நெருங்கினால், எடை குறைவாக இருந்தாலும் பெரிய நார்களுக்கும் வேலை கிடைத்துவிடுகிறது. ஜப்பானிய ஆய்வொன்று 2017இல் தண்டாலையும் குறைந்த எடையிலான பெஞ்ச் பிரஸ்ஸையும் ஒப்பிட்டது. 8 வாரங்களில் மார்புத் தசை இரண்டிலும் ஒரே அளவில்தான் தடித்தது. தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. 60 கிலோ உடல் உள்ளவருக்கு அது 40 கிலோ சுமை. இதை இலேசான பயிற்சி என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் வீட்டுப் பயிற்சியில் இறங்கிய பலருக்கு ஏன் பலன் தெரிவதில்லை? ஜிம்மில் 10 கிலோ டம்பெல் எளிதானதும் கை தானாக 12 கிலோவுக்குப் போகிறது. வீட்டில் அப்படி நினைவூட்ட அடுத்த தட்டில் எதுவும் இல்லை. முதல் வாரம் எடுத்த அதே 20 தண்டால், அதே 30 பஸ்கி ஆறு மாதமும் தொடர்கிறது. உடல் அதற்குப் பழகிவிட்ட பிறகு வளர்வதற்குக் காரணமே இல்லை. சுமையை ஏற்ற இரும்புதான் வேண்டும் என்பதில்லை. சுவரில் கைவைத்துத் தொடங்குபவர் கட்டில் விளிம்புக்கும், பிறகு தரைக்கும், அதன்பின் காலை உயரத்தில் வைத்து எடுக்கும் தண்டாலுக்கும் போகலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கி, பஸ்கிக்கும், ஒரு காலைப் பின்னால் கட்டிலில் வைத்து மறு காலால் இறங்கி எழுவதற்கும் முன்னேறலாம். இறங்கும்போது நான்கு விநாடி எடுத்துக்கொண்டாலே அதே பயிற்சி கடினமாகிவிடும். பிறகு அரிசிப் பை இருக்கிறது. நிரம்பிய குடிநீர்க் கேன் 20 கிலோ. கர்லாக்கட்டை சுழற்றிய மரபு நமக்கு உண்டு. குறைந்த கருவிகளால் உடலை வலுவாக்குவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. எத்தனை செட், எத்தனை தடவை, எந்த நிலையில் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பது அவசியம். இனி இரண்டு மூன்று தடவைதான் முடியும் என்ற கட்டத்தில் ஒவ்வொரு செட்டையும் நிறுத்தினால் பெரும்பாலோருக்குப் போதும்.

வீட்டுப் பயிற்சியின் உண்மையான பலவீனம் முதுகுதான். தள்ளுவதற்குத் தரை இருக்கிறது, இழுப்பதற்கு எதுவும் இருப்பதில்லை. அதனால்தான் வாங்க வேண்டிய முதல் கருவி ரப்பர் பட்டை. பட்டைப் பயிற்சியால் கிடைக்கும் வலு, எடை மற்றும் இயந்திரப் பயிற்சியால் கிடைப்பதற்கு இணையானது என்று 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று காட்டியது. உறுதியான ஜன்னல் கம்பியில் மாட்டி இழுக்கலாம். பக்கத்துப் பூங்காவிலோ பள்ளி மைதானத்திலோ கம்பி இருந்தால் இன்னும் நல்லது.

ஜிம்மில் இருக்கும் சூழல் வீட்டில் வராது என்பார்கள். நால்வர் செய்வதைப் பார்த்தால் வரும் உந்துதல் உண்மையானது. அது இல்லாமல் முடியாது என்பவர்கள் ஜிம்மிலேயே தொடரட்டும். ஆனால், கட்டணம் கட்டிவிட்டால் போய்விடுவோம் என்ற நம்பிக்கையை அப்படியே ஏற்க முடியாது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் 7,752 ஜிம் உறுப்பினர்களின் வருகையை ஆராய்ந்து 2006இல் எழுதினார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் வந்தார்கள்; ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் செலவானது. பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகை 10 டாலரில் முடிந்திருக்கும். ஆக, பணம் ஒழுங்கை வாங்கித் தருவதில்லை. பயிற்சிக்கும் ஆளுக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்தால் தவறும் நாட்களும் குறைய வாய்ப்பு உண்டு. வீட்டில் அந்தத் தூரம் அடுத்த அறைதான். ஆனால், பயிற்சி செய்யும் அரை மணி நேரத்தில் அம்மாவை யாரும் கூப்பிடக் கூடாது என்ற புரிதல் குடும்பத்துக்கு வர வேண்டும். பெண்களைப் பொறுத்தவரை கருவியைவிட இதுவே கிடைப்பதற்கு அரிது.

மாஸ்டர் இல்லாமல் செய்தால் அடிபடும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக ஆண்டுக் கணக்கில் சந்தா தேவையில்லை. முதல் இரண்டு மாதம் நல்ல பயிற்சியாளரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ முறையைக் கற்றுக்கொள்வது நல்ல முதலீடு. இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், மூட்டு வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஜிம்மில் சேர்த்த தசை வீட்டுக்கு வந்தால் கரைந்துவிடும் என்ற கவலைக்கு, அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட முடிவு ஆறுதல் தருகிறது. 16 வாரம் கடுமையாகப் பயிற்சி செய்த இளைஞர்கள், அடுத்த 32 வாரம் பயிற்சியின் அளவை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தும் தசையை இழக்கவில்லை. குறைந்தது அளவுதான், முயற்சியின் கடுமை குறையவில்லை. பளுதூக்கும் வீரருக்குப் பார்பெல் தவிர்க்க முடியாதது என்பதை மறுக்கவில்லை. அதிகபட்ச எடையைத் தூக்கும் வலுவை, கனமான எடையே நன்றாக வளர்க்கிறது.

அதே அலபாமா ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களால் அந்தச் சிறிய அளவில் தசையைத் தக்கவைக்க முடியவில்லை. வயதானவர்களுக்குத்தான் தசைப் பயிற்சி அதிகம் தேவை. ஜிம் வாசலை மிதிக்கத் தயங்குபவர்களும் அவர்களே. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆதரவுடன் நடந்த ஆய்வு 2023இல் சொன்னது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை உள்வாங்குவது தசை. தமிழ்நாட்டில் உடற்பயிற்சி என்றாலே நடைப்பயிற்சி என்று ஆகிவிட்டது. அரசும் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. நடப்பது நல்லது, ஆனால் போதாது. வாரம் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் தனியாகவே சொல்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் 2021 முதல் ரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளுடன் வீடு தேடிப் போகிறார்கள்; பிசியோதெரபி சிகிச்சையும் அதில் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவர்த் தண்டால், பட்டையை இழுப்பது ஆகிய மூன்றையும் கற்றுக்கொடுத்து, அடுத்த முறை வரும்போது எத்தனை தடவை கூடியிருக்கிறது என்று அவர்கள் கேட்க வேண்டும். மாத்திரையோடு ஒரு ரப்பர் பட்டையையும் அரசு சேர்த்துத் தரட்டும்.