எர்த் பாத்தீங்களா சார்?

பழைய கார் வைத்திருக்கும் மாதச் சம்பளக்காரர்களே! டாஷ்போர்டில் 'செக் என்ஜின்' விளக்கு மஞ்சளாக முறைத்ததும், "சென்சார் போச்சு சார்" என்று யாராவது சொன்னால், உடனே பர்ஸைத் திறந்துவிடாதீர்கள். "எர்த் பாத்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

என்ஜின் கம்ப்யூட்டர் பல சென்சார்களுக்கு 5 வோல்ட் அனுப்புகிறது. போன கரண்ட் திரும்பி வர ஒரு ஒயர் உண்டு. அதுதான் சென்சார் எர்த். (பி.காம். ஆசாமிகளுக்கு இது சுலபம். டெபிட் என்றால் கிரெடிட்!) அந்த ஒயரில் களிம்பு ஏறினால், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 0.4 வோல்ட் ஜம்மென்று உட்கார்ந்துகொள்ளும். ஆளை முக்காலி மேல் நிற்கவைத்து உயரம் அளக்கிற கதை! என்ஜின் சூடாக ஆக, வெப்ப சென்சாரின் வோல்ட் இறங்க வேண்டும். முக்காலி புண்ணியத்தில் அது இறங்காததால், 'ஐயோ, குழந்தைக்குக் குளிருதே' என்று கம்ப்யூட்டர் பாசத்தோடு பெட்ரோலை ஊற்றுகிறது.

பாங்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் கார் இப்படித்தான் லிட்டருக்கு 15-லிருந்து 10-க்கு இறங்கியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெப்ப சென்சாரை மாற்றினார்கள். பிறகு ஆக்ஸிஜன் சென்சாரை. கறுப்புப் புகை அப்படியே. அடுத்து கம்ப்யூட்டர் என்றதும்தான் மனுஷர் முழித்துக்கொண்டு வேறொரு எலெக்ட்ரீஷியனிடம் போனார்.

அவர் எதையும் கழற்றவில்லை. என்ஜினை ஓடவிட்டு, மல்ட்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்தார். கறுப்பு முனை பாட்டரி நெகட்டிவில். சிவப்பு முனை, மாட்டியபடியே இருந்த சென்சார் கனெக்டரின் பின்பக்கமாக, எர்த் ஒயரில். 0.4! கம்ப்யூட்டரின் எர்த் பின்னில் பார்த்தால் வெறும் 0.02. ஆக, கோளாறு நடுவில். (இரண்டு இடத்திலும் ஏறியிருந்தால் கம்ப்யூட்டரின் எர்த் போல்ட்டைப் பார்க்க வேண்டும். 0.1-க்கு மேல் போனாலே சந்தேகம்தான்.) ஒயரைத் தடவிக்கொண்டே போனார். தண்ணீர் இறங்கிய ஒரு கனெக்டருக்குள் பச்சைப் பசேல் என்று களிம்பு. சுத்தம் செய்ததும் மீட்டர் அடங்கியது.

ஓம் மீட்டரை மட்டும் நம்பவேண்டாம். தடி எர்த் கேபிளில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும், மீட்டரின் துளிக் கரண்ட்டுக்கு அது தாராளம். 'எல்லாம் சௌக்கியம்' என்று புளுகிவிடும். இன்னொன்று. "தனியா ஒரு ஒயர் இழுத்து பாடியில அடிச்சுடலாம் சார்" என்று யாராவது யோசனை சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் 100 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சுகிற அதே ரோட்டில் சென்சாரையும் நடக்கவிட்டால், அது லாரிக்கு நடுவே சைக்கிள்தான்!