கேட்பது வெட்கமா? கம்ப்யூட்டர் ஒத்திகையில் கோளாறு வந்தால்...

நாடகம் மேடை ஏறும் முன் ஒத்திகை நடக்கும்.

ஒத்திகையில் ராஜா வசனத்தை மறக்கலாம். மந்திரி தவறான பக்கத்தில் இருந்து வரலாம். யாரும் கேலி செய்ய மாட்டார்கள். தவறைத் திருத்துவதற்குத்தானே ஒத்திகை!

மின்சாரக் கருவிகளுக்கும் இப்படி ஓர் ஒத்திகை உண்டு. அது கம்ப்யூட்டருக்குள் நடக்கிறது.

ரேடியோ, டெலிவிஷன், செல்போன் சார்ஜர் எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு தட்டு இருக்கும். அந்தத் தட்டில் சின்னச் சின்னப் பாகங்கள் இருக்கும். கரண்டு அந்தப் பாகங்கள் வழியாகச் சுற்றி வரும். இதற்கு "சர்க்யூட்" என்று பெயர். தமிழில் "மின்சுற்று" என்பார்கள்.

புதிதாக ஒரு சர்க்யூட் செய்ய விரும்புகிறவர் என்ன செய்வார்? கடையில் பாகங்களை வாங்குவார். ஈயப் பற்று வைப்பார். கரண்டு கொடுப்பார். தவறு இருந்தால் புகை வரும்! பாகம் கருகும். பணம் போகும்.

இந்த நஷ்டம் வராமல் இருக்கத்தான் கம்ப்யூட்டர் ஒத்திகை. சர்க்யூட்டைத் திரையில் வரைந்து காட்டினால் போதும். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்கும், எவ்வளவு கரண்டு ஓடும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். இதற்கு "சிமுலேஷன்" என்று பெயர்.

சரி. அந்த ஒத்திகையே நடக்காமல் நின்றுவிட்டால்?

வெட்கம் என்ற வியாதி

கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவன். பாடத்துக்காக ஒரு சர்க்யூட் வரைகிறான். பட்டனைத் தட்டுகிறான். திரையில் ஒரே ஒரு வரி வருகிறது. "கணக்குப் போட முடியவில்லை" என்பது அதன் பொருள்.

மறுபடியும் தட்டுகிறான். அதே வரி!

இரவு 12 மணி ஆகிவிடுகிறது. அவன் தூங்கவில்லை. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். பக்கத்து அறையிலேயே அதே புரோகிராமை நன்றாகப் பழகிய மாணவன் ஒருவன் இருக்கிறான். இவன் போய்க் கேட்கவில்லை. காரணம் என்ன?

"இதுகூடத் தெரியாதா?" என்று சிரித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்!

இந்தப் பயத்தால் பலருடைய நாட்கள் வீணாகின்றன. சிலர், "இந்தப் படிப்பு எனக்கு வராது" என்று ஒதுங்கியும் விடுகிறார்கள். உண்மையில் அவர்களுடைய அறிவில் குறை இல்லை. குறை எங்கே இருக்கும் என்பதற்கு மூன்று உதாரணங்களைப் பார்த்தாலே புரியும்.

ஓர் எழுத்து செய்த வேலை

கரண்டு ஓடுவதைத் தடுக்கும் பாகத்துக்கு "ரெசிஸ்டர்" என்று பெயர். அதன் அளவை "ஓம்" என்ற கணக்கில் சொல்வார்கள். 10 லட்சம் ஓம் என்றால் ஒரு "மெகா ஓம்". புத்தகங்களில் இதைச் சுருக்கமாக, "எம்" என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு எழுதுவார்கள்.

மாணவனும் அப்படியே போடுகிறான்.

ஆனால் "ஸ்பைஸ்" என்ற புகழ் பெற்ற சிமுலேஷன் புரோகிராமுக்கு "எம்" என்றால் மெகா அல்ல, "மில்லி"! அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரிய எழுத்தில் போட்டாலும், சின்ன எழுத்தில் போட்டாலும் ஒன்றுதான். மெகா வேண்டுமானால் "மெக்" என்று மூன்று எழுத்துப் போட வேண்டும்.

மாணவன் கேட்டது 10 லட்சம் ஓம். கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வித்தியாசம் 100 கோடி மடங்கு!

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்ப்யூட்டர் இதைத் தவறு என்று சொல்லாது. பேசாமல் கணக்குப் போட்டு, தவறான விடையைக் கொடுத்துவிடும். அதை நம்பிக் கருவி செய்தால் என்ன ஆகும்?

பூஜ்யம் எங்கே?

வீட்டின் உயரம் 20 அடி என்றால், தரையில் இருந்து 20 அடி. தரை எது என்று தெரியாமல் உயரத்தைச் சொல்ல முடியுமா?

வோல்ட் கணக்கும் இப்படித்தான். சர்க்யூட்டில் ஏதாவது ஓர் இடத்தை "இதுதான் பூஜ்யம்" என்று காட்ட வேண்டும். இதற்கு "கிரவுண்டு" என்று பெயர். கிரவுண்டுக் குறியைப் போட மறந்தால், கம்ப்யூட்டருக்குத் தரை தெரியாது. திணறி நின்றுவிடும்.

ஒரு சின்னக் குறி. அதைப் போட்டதும் எல்லாம் சரியாகிவிடும்!

கயிறு இழுக்கும் போட்டி

இரண்டு டிரான்சிஸ்டர்களை வைத்து, இரண்டு விளக்குகள் மாறி மாறி எரியும் சர்க்யூட் ஒன்று உண்டு. புதிதாகக் கற்பவர்கள் பலரும் செய்து பார்ப்பது இது.

மேஜை மேல் செய்தால் விளக்குகள் நன்றாகச் சிமிட்டும். கம்ப்யூட்டரில் செய்தால் சில சமயம் இரண்டும் சேர்ந்தே எரிந்துகொண்டிருக்கும். சிமிட்டவே சிமிட்டாது!

இது ஏன்?

கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சமபலம் என்றால் கயிறு அசையாது. கடையில் வாங்கும் டிரான்சிஸ்டர்களில் எந்த இரண்டும் முழுக்க முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று கொஞ்சம் முந்தும். ஆட்டம் தொடங்கிவிடும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருக்கும். எது முந்துவது?

இதற்கு வைத்தியம் சுலபம். ஆரம்பத்தில் ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் வோல்ட் கொடுத்துத் தள்ளிவிட வேண்டும். உடனே விளக்குகள் சிமிட்டத் தொடங்கும்.

முன்பு இதில் மாட்டி முழித்தவர் ஒரு நிமிஷத்தில் இதைச் சொல்லிவிடுவார். தெரியாதவர் ஒரு வாரம் தேடுவார்.

அடுத்தவர் கண்

தான் எழுதிய கடிதத்தில் உள்ள பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. மனதில் இருப்பதையே கண் படிக்கும். அடுத்தவர் படித்தால் சட்டென்று தெரிந்துவிடும்.

சர்க்யூட்டும் அப்படியே. வரைந்தவர், தான் நினைத்ததைப் பார்க்கிறார். கம்ப்யூட்டரோ, வரைந்திருப்பதைப் பார்க்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க மூன்றாவது ஆள் ஒருவர் தேவை. அதே புரோகிராமை உபயோகிக்கும் இன்னொருவர்தான் அந்த மூன்றாவது ஆள்.

"பிறரைக் கேட்டுக் கேட்டுச் செய்தால் சொந்த மூளை மழுங்கிவிடாதா?" என்று சிலர் கேட்கலாம். பிறர் செய்ததை அப்படியே காப்பி அடித்தால் மழுங்கத்தான் செய்யும். "எங்கே தவறினேன், ஏன் தவறினேன்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் மூளை கூர்மையாகும். இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

எப்படிக் கேட்பது?

டாக்டரிடம் போய், "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன மருந்து கொடுப்பார்? எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, என்ன சாப்பிட்டார் என்று சொல்ல வேண்டாமா?

"சிமுலேஷன் ஓடவில்லை. உதவி செய்யுங்கள்" என்பதும் அப்படிப்பட்ட கேள்விதான். இப்படிக் கேட்பவருக்கு நல்ல பதில் கிடைக்காது. கிடைக்காவிட்டால் அது பிறர் குற்றம் அல்ல.

முதலில், சர்க்யூட் முழுவதையும் காட்ட வேண்டும். பாகங்களின் அளவுகளை மறைக்கக் கூடாது. "எம்" என்று போட்டது படத்தில் தெரிந்தால்தானே மற்றவர் கண்டுபிடிப்பார்?

இரண்டாவது, திரையில் வந்த வரியை ஓர் எழுத்து விடாமல் சொல்ல வேண்டும். "சிங்குலர் மேட்ரிக்ஸ்" என்று வந்தால், பூஜ்யத்தோடு சேராமல் ஏதாவது தொங்குகிறதா என்று பார்ப்பார்கள். "டைம் ஸ்டெப் டூ ஸ்மால்" என்று வந்தால், கண் இமைக்கும் நேரம்கூட இல்லாமல் திடீரென்று தாவும் பாகம் எது என்று தேடுவார்கள். வரி மாறினால் வைத்தியமும் மாறும்.

மூன்றாவது, என்ன எதிர்பார்த்தார், என்ன வந்தது என்ற இரண்டையும் சொல்ல வேண்டும்.

நான்காவது, பெரிய சர்க்யூட்டாக இருந்தால் அதை வெட்டிச் சிறிதாக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியாக எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். கோளாறு நிற்கும் சின்னத் துண்டு கிடைத்ததும், அதைக் காட்டிக் கேட்கலாம். கம்பெனி ரகசியத்தைக் காட்ட முடியாதவர்களுக்கும் இதுவே வழி. பாதிப் பேருக்கு, வெட்டிக்கொண்டிருக்கும்போதே விடை தெரிந்துவிடும்!

சிரிக்கலாமா?

பதில் சொல்பவருக்கும் கடமை உண்டு.

"புத்தகத்தைப் படி" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லக் கூடாது. எந்தப் புத்தகம், எந்த இடம் என்று காட்டினால் அது உதவி. காட்டாமல் சொன்னால் அது அவமதிப்பு.

முழு சர்க்யூட்டையும் தானே வரைந்து கொடுத்துவிடுவதும் உதவி ஆகாது. ஊன்றி நடக்கக் கைத்தடி கொடுக்கலாம். தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

இன்று கெட்டிக்காரராக இருப்பவரும் ஒரு காலத்தில் கிரவுண்டு போட மறந்தவர்தான்!

அதே சமயம், அனுபவசாலி சொன்னார் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் வேண்டியதில்லை. அவர் சொன்னபடி ஒரே ஒரு மாற்றம் செய்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு மாற்றம் செய்தால், எது கோளாறைத் தீர்த்தது என்று தெரியாமல் போய்விடும்.

மசாலா பிறந்த கதை

"ஸ்பைஸ்" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மசாலாச் சரக்கு என்று பொருள். இந்தப் பெயர் கொண்ட புரோகிராம் பிறந்த இடம் அமெரிக்காவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம்.

அங்கே ரொனால்டு ரோரர் என்ற பேராசிரியர், மாணவர்களுக்குப் பாடமாகவே ஒரு சிமுலேஷன் புரோகிராம் எழுதும் வேலையைக் கொடுத்தார். அந்த மாணவர்களில் ஒருவர் லாரன்ஸ் நேகல். முதலில் உருவான புரோகிராமுக்கு "கான்சர்" என்று பெயர்! பெயர்தான் பயங்கரம். புரோகிராம் நல்லது.

பிறகு நேகல், டொனால்டு பெடர்சன் என்ற பேராசிரியரின் கீழ் வேலையைத் தொடர்ந்தார். "ஸ்பைஸ்" உருவாயிற்று. 1973-ம் ஆண்டு கனடாவில் நடந்த ஒரு மாநாட்டில் அதை அறிமுகம் செய்தார்கள்.

விரல் நகத்தைவிடச் சிறிய சில்லுக்குள் டிரான்சிஸ்டர்களைப் பதிக்கும் தொழில் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. சில்லு செய்த பிறகு உள்ளே கை வைத்துத் திருத்த முடியாது. ஆகவே ஒத்திகை மிகவும் அவசியமாக இருந்தது.

இந்தப் புரோகிராமைப் பூட்டி வைத்து விற்றிருக்கலாம். பெடர்சன் அதை விரும்பவில்லை. எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்றார். கல்லூரிகளும் கம்பெனிகளும் அதை வாங்கிச் சென்றன. உபயோகித்தவர்கள் தாங்கள் கண்ட பிழைகளைத் திருப்பிச் சொன்னார்கள். திருத்தங்களும் வந்து சேர்ந்தன. 1975-ல் இரண்டாவது ஸ்பைஸ் வந்தது. 1989-ல் மூன்றாவது ஸ்பைஸ் வந்தது.

இப்போது காசில்லாமல் கிடைக்கும் "என்.ஜி. ஸ்பைஸ்" அந்த மூன்றாவது ஸ்பைஸின் வாரிசு. 2011-ம் ஆண்டு, ஐ.இ.இ.இ. என்ற சர்வதேச என்ஜினீயர்கள் சங்கம், ஸ்பைஸ் பிறந்ததை ஒரு மைல்கல் என்று கவுரவித்தது.

ஆகவே ஸ்பைஸ் வளர்ந்ததே, ஒருவர் கண்ட கோளாறை மற்றவருக்குச் சொன்னதால்தான். அதை உபயோகிப்பவர் கோளாறைச் சொல்ல வெட்கப்படுவது பொருத்தமா?

நன்றி மட்டும் போதாது

கடைசியாக ஒரு கடமை. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கோளாறு தீர்ந்ததும், "சரியாகிவிட்டது, நன்றி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எப்படிச் சரியாயிற்று? அதைச் சொல்வதில்லை!

"கிரவுண்டு போடவில்லை. போட்டதும் ஓடியது" என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். அடுத்த மாதம் இதே கோளாறில் மாட்டும் இன்னொரு மாணவனுக்கு அந்த வரி விளக்காக இருக்கும். அவனுடைய அம்மா நடு இரவில் எழுந்து வந்து எட்டிப் பார்க்க வேண்டியிராது.

கேட்பவர் முழுவதையும் காட்ட வேண்டும். சொல்பவர் சிரிக்காமல் சொல்ல வேண்டும். தீர்ந்ததும், தீர்ந்த விதத்தை எழுதி வைக்க வேண்டும்.

இந்த மூன்றையும் செய்தால், அடுத்த அறைக்குப் போய்க் கதவைத் தட்ட எந்த மாணவனும் தயங்க மாட்டான்.