கியரைக் கழற்றுங்க பாஸ்... பிரேக்கை ஏன் கழற்றுறீங்க?

பரண்ல கிடக்கும் பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிள். துருப்பிடித்த கியர், அசையாத கேபிள். எல்லாத்தையும் கழற்றிட்டு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டே பல்சக்கரம் மாட்டினா... 'சிங்கிள் ஸ்பீடு' ரெடி! எடை குறையும், ரிப்பேர் குறையும், பார்க்கவும் கெத்து. பல நாடுகளில் இளைஞர்கள் இப்படித்தான் பழைய சைக்கிளுக்கு உயிர் கொடுக்கிறார்கள்.

சிக்கல், இதன் அண்ணனான 'ஃபிக்ஸி'யில்தான். சிங்கிள் ஸ்பீடில் ஃப்ரீவீல் உண்டு; மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் உருளும். ஃபிக்ஸியில் அது கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். பந்தய டிராக்கில் ஓட்டும் ஃபிக்ஸிக்குப் பிரேக்கே இருக்காது. அதையே ரோட்டிலும் ஸ்டைலாக்கினால்?

2025 ஜூலையில், சியோலில் பிரேக் இல்லாத ஃபிக்ஸியில் இறக்கத்தில் வந்த பள்ளி மாணவர் ஒருவர் விபத்தில் இறந்தார். அடுத்த மாதமே தென் கொரியப் போலீஸ், பிரேக் இல்லாமல் ஓட்டுபவர்கள் மீது நடவடிக்கை என அறிவித்தது. பிரிட்டனில் 1983-ம் ஆண்டு விதிப்படி, ஃபிக்ஸியிலும் முன் பிரேக் கட்டாயம்.

'காலாலேயே நிறுத்திடுவேன்' என்பார்கள். காலால் பிடிப்பது பின் சக்கரத்தை மட்டும்தான். வேகத்தைக் குறைக்கும்போது எடை முன்னாடி சாயும். பின் டயர் வழுக்கிக்கிட்டே போகும். சட்டுனு நிறுத்துவது முன் பிரேக்தான்.

பழைய சைக்கிளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் பின் ஹப்பில் ஃப்ரீவீல் மாட்டும் மரையிலேயே ஃபிக்ஸி பல்சக்கரமும் ஏறிவிடும். 'செட் ஆகிடுச்சே!'ன்னு தோணும். ஆனால், ஒரிஜினல் ஃபிக்ஸி ஹப்பில் எதிர்த்திசை மரையில் ஒரு பூட்டு வளையம் இருக்கும், இதில் இருக்காது. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பல்சக்கரம் கழன்றுவிடலாம். அப்போது பிரேக்கும் இல்லையென்றால்? இதற்கு சைக்கிள் ஆட்கள் வைத்திருக்கும் பெயரே 'சூசைட் ஹப்'.

அதனால, மாற்றும்போது இதையெல்லாம் கவனிங்க:

* பின் அச்சு உட்காரும் வெட்டு, சக்கரத்தை முன்பின் நகர்த்துற மாதிரி நீளமாக இருக்கணும். அப்போதான் தொங்கும் செயினை இழுத்து இறுக்க முடியும். பழைய ஸ்டீல் ஃப்ரேம்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.
* முன்னாடி 46 பல், பின்னாடி 18 பல் சமதளத்துக்கு வசதி. ரெண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கணும்.
* ஃப்ரீவீலே போடுங்க. ரெண்டு பிரேக்குக்கும் கேபிள், கட்டை புதுசு மாத்துங்க.
* ஸ்டீல் ரிம்மா? மழையில் பிரேக் சரியாகப் பிடிக்காது. அலுமினிய ரிம்முக்கு மாறுவது நல்லது.

தாத்தா ஓட்டின கறுப்பு சைக்கிளும் சிங்கிள் ஸ்பீடுதான். கியர் இல்லைன்னு அவர் கவலைப்படல. ஆனா, பிரேக் இல்லாம ஒருநாளும் தெருவுல இறங்கல!