முதல் வகுப்பு எழுதும் முறை

பொருள்நோக்கு நிரலாக்கம் என்னுங் கலை கணிதம் பயில்வார்க்கே உரியதென்று எண்ணி நம் தமிழ் மாணவருட் பலர் அதனை அணுகாது நிற்கின்றனர். அணுகியவருள்ளும் சிலர் சொல்லிலக்கணங்களை மனப்பாடஞ் செய்து தேர்வில் எழுதிவிட்டு, ஒரு சிறு வகுப்பைத் தாமே எழுதுமாறு கேட்டாற் கைசோர்ந்து நிற்பர். இக்குறை மாணவரது அறிவின்பாற்பட்டதன்று; கற்பிக்கத் தொடங்கும் முறையின்பாற்பட்டது என்பதே என் கருத்து.

வகுப்பு என்றவுடன் பாடசாலை அறையே நம் நினைவிற்கு வருகின்றது. ஈண்டு அச்சொல், ஓர் இனத்துப் பொருள்கள் எவ்வாறு அமைய வேண்டுமென வகுத்துரைக்கும் விதியைக் குறிக்கும். வகுப்பு இலக்கணம், அதன்வழித் தோன்றும் ஒவ்வொரு பொருளும் இலக்கியம். இக்கருத்தை நார்வே நாட்டு ஆஸ்லோ நகரத்து அறிஞரான ஓலே யோகான் டால், கிறிஸ்டன் நிகார்டு என்னும் இருவர் 1967-ஆம் ஆண்டில் சிமுலா என்ற நிரல்மொழியில் நிறுவினர். இன்று வழங்கும் சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான் முதலியன யாவும் அவர்க்குக் கடன்பட்டனவே.

இனி, தொடக்க நூல்கள் பல காட்டும் உதாரணம் யாது? விலங்கு என்றொரு வகுப்பு; அதன் வழிவந்தன நாயும் பூனையும்; நாய் குரைக்கும், பூனை கத்தும். இதனாற் கற்பவன் பெறும் பயன் என்னை? அங்கே காக்க வேண்டிய செய்தி ஒன்றுமில்லை. பிழை நேர்ந்தால் இழப்பாரும் இல்லை. வகுப்பு எதற்கு என்னும் வினா எழாமலே விடை கூறப்படுகின்றது.

இதற்கு மாறாக, நம் சேர்வராயன் மலையை நோக்குவோம். சேலத்தில் ஆட்சியராயிருந்த காக்பர்ன் துரை காலத்தில், 1820-களில், ஏற்காட்டுப் பகுதியிற் காப்பிப் பயிர் வேரூன்றியது. இன்றும் சில்வர் ஓக்கு மரங்களின் நிழலில் அது விளைகின்றது. அம்மரங்களின்மேல் மிளகுக்கொடி படர்கின்றது. காப்பிப் பழம் ஒருங்கே பழுப்பதில்லை. ஆதலின் ஒரே செடியிற் பன்முறை பறித்தல் வேண்டும். பறித்தவற்றை நிறுத்து, எடைக்கேற்பக் கூலி கொடுக்கும் தோட்டத்தில், ஒவ்வொருவர்க்கும் ஒரு கணக்கு வேண்டும். அக்கணக்கே தொடக்க மாணவன் எழுதத்தக்க முதல் வகுப்பு. அதன் அமைப்பு வருமாறு:

வகுப்பு: எடைக்கணக்கு
குணங்கள்: பெயர், மொத்தம்
தோற்றம்: பெயரைப் பெறுக, மொத்தத்தைச் சுழியாக்குக
தொழில் 1 (எடை சேர்): வந்த எடை சுழியினும் மிகுந்ததாயின் மொத்தத்தோடு கூட்டுக, அன்றேல் மறுக்க
தொழில் 2 (மொத்தம் சொல்): மொத்தத்தை விடையாகத் தருக

இவ்விதியினின்று வள்ளிக்கு ஒன்றும் மாரிக்கு ஒன்றுமாக இரு பொருள்களைத் தோற்றுவிப்போம். வள்ளியின் கணக்கில் 12 கிலோவும் பின்னர் 9 கிலோவும் சேர்த்தால் அவள் மொத்தம் 21 ஆகும். மாரியின் மொத்தம் சுழியாகவே நிற்கும். விதி ஒன்று, பொருள்கள் பல, ஒன்றன் நிலை மற்றொன்றைத் தீண்டாது என்பது இதனால் விளங்கும்.

மொத்தத்தை எவரும் நேரே மாற்றலாகாது, 'எடை சேர்' என்னும் வாயில்வழியே மாற்றுக என்பது இவ்வகுப்பின் உயிர். அவ்வாயிலில் ஒரு காவல் நிற்கின்றது. குறையெண் அங்கே நுழையாது. காவல் இல்லையேல் நாள் முழுதும் மலைச்சரிவில் நின்றவரது கூலி குறையும். ஜாவா முதலிய மொழிகள், நேரே மாற்றும் வழியைப் பூட்டி வைக்க எழுதுவோர்க்கு இடந்தரும். பைத்தான் எழுதுவோரது ஒழுக்கத்தை நம்பி விடும். கூடையின் எடையைக் கழிக்க வேண்டுமென்று பின்னர் ஒரு விதி வந்தாலோ, அத்தொழில் ஒன்றை மாற்றினாற் போதும். நாற்பது கணக்கிலும் அன்று முதல் அவ்விதியே நடக்கும்.

ஒருவர்க்கு மட்டும் கணக்கெழுத வகுப்பு எதற்கு எனச் சிலர் வினவுவர். வேண்டியதில்லை என்பதே நேரிய விடை. நாற்பதின்மர் வரும்போது அது வேண்டப்படும். அவ்வேறுபாட்டை மாணவன் தானே உணருமாறு செய்வதே நல்லாசிரியர் கடமையாம்.

தமிழ் பயின்றார்க்கு இத்துறையில் ஒரு சிறப்பும் உண்டு. நன்னூல் செய்த பவணந்தியார் பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என அறுவகைப்படுத்தினார். வகுப்பு எழுதுவான் கேட்க வேண்டிய வினாக்களும் ஏறக்குறைய இவையே: பொருள் யாது? அதன் குணம் யாவை? தொழில் யாவை? சினை யாவை? மேலும், தொடக்கத்தார் பெரிதும் மயங்குமிடம் ஒன்றுண்டு. அராபிகா காப்பியின் வகை. இலையோ காப்பிச்செடியின் சினை. வகையாயின் வழித்தோன்றலாக அமைக்கலாம். சினையாயின் உள்ளுறுப்பாக வைத்தல் வேண்டும். தோட்டம் பல எடைக்கணக்குகளை உடையது. எடைக்கணக்கு தோட்டத்தின் வகையன்று. முதலும் சினையும் அறிந்த மாணவன் இவ்விடத்தில் வழுவான்.

எழுத்தும் நமக்குத் தடையன்று. 2008-ஆம் ஆண்டு வெளிவந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு முதல், வகுப்பின் பெயரையும் குணங்களின் பெயரையும் தமிழ் எழுத்திலேயே இடலாம். அம்மொழியின் கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும், அவையும் சிலவே.

ஆதலின், பள்ளியிலும் கல்லூரியிலும் இக்கலை கற்பிப்போர் நாயையும் பூனையையும் சிறிது ஒதுக்கிவைத்து, மாணவன் ஊரிலே பிழைபட்டால் ஒருவர்க்கு இழப்பு நேரும் கணக்கொன்றை எடுத்துக் கொடுப்பாராக. கடற்கரையானுக்கு மீன் ஏலமும் நெசவூரானுக்குப் பாவுநூற் கணக்கும் அவ்வாறே உதவும். வழித்தோன்றல் முதலிய விரிவுகள் பின்னர் வரட்டும். தமிழ் மாணவராகிய நாமும் பிறர் கற்பிக்கட்டுமெனக் காத்திராது, இவ்விடுமுறையில் இரு குணமும் இரு தொழிலும் உடைய ஒரு வகுப்பையேனும் எழுதிப் பார்த்தல் நன்று.