காசு கட்டாதீங்க பாஸ்!

ப்ராஜெக்ட்டுக்காக ஏலக்காய் உலர்த்துற மெஷின் பத்தி நெட்டில் தேடுறீங்க. சூப்பரா ஒரு ஆய்வுக் கட்டுரை சிக்குது. க்ளிக் பண்ணினா, 'முப்பது டாலர் கட்டு'ங்குது! விடியுமுன்னே போடியில ஜீப் ஏறி, மலைக்குக் காய் எடுக்கப் போற அம்மாவுக்கு அது பல நாள் கூலி.

கட்டாதீங்க. மத்திய அரசு ஏற்கெனவே கட்டியாச்சு! 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசம். 2012-ல் ஆரம்பிச்ச நம்ம போடி இன்ஜினீயரிங் காலேஜும் அரசுக் கல்லூரிதானே? லாகின் எப்படின்னு லைப்ரரியன்கிட்ட கேளுங்க.

தனியார் கல்லூரியா? 'ஷோத்கங்கா' தளத்தில் பிஎச்.டி. ஆய்வேடுகள் எல்லாருக்கும் ஃப்ரீ.

அம்மா கூலி வீட்டுக்கு, கட்டுரை ப்ராஜெக்ட்டுக்கு. ஓகேவா?