பெதஸ்தாவில் மிச்சம் இருந்தவர்கள்

யோவான் சுவிசேஷம் 5ஆம் அதிகாரம். எருசலேமில் ஆட்டு வாசலுக்குப் பக்கத்தில் பெதஸ்தா குளம், அதைச் சுற்றி ஐந்து மண்டபங்கள். 38 வருஷமாக நோயில் கிடக்கும் ஒருவரிடம், குணமாக விருப்பமா என்று இயேசு கேட்கிறார். பிறகு எழுந்து படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கச் சொல்கிறார். அவரும் நடக்கிறார். பிரசங்கி இந்த இடத்தில் குரலை உயர்த்துவார், கூட்டம் அல்லேலூயா சொல்லும், வீல்சேரில் இருக்கும் என் பக்கம் நாலு தலை திரும்பும்.

நடுவில் அந்த மனிதர் ஒரு பதில் சொல்கிறாரே, அதை யார் பிரசங்கிக்கிறார்கள்? தண்ணீர் கலங்கும்போது என்னை இறக்கிவிட ஆளில்லை, நான் போவதற்குள் வேறொருவர் இறங்கிவிடுகிறார் என்கிறார். காலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவர் புகார் முழுக்க ஏற்பாட்டைப் பற்றியது. இதைச் சாக்குப்போக்கு என்று தள்ளும் வியாக்கியானங்கள் உண்டு. தேவதூதன் தண்ணீரைக் கலக்குவான், முதலில் இறங்குபவருக்குத்தான் சுகம் என்ற விளக்கம் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. நம் பழைய தமிழ் பைபிளில் இருக்கிறது. அந்த விதியை ஒரு இன்ஜினியராக வாசித்தால் தலை சுற்றுகிறது. நடக்க முடியாதவர்களுக்கான வைத்தியம், வேகமாக ஓடுபவருக்குக் கிடைக்கும். தட்கல் டிக்கெட்டே தேவலாம்.

அந்த மண்டபங்களில் பார்வையற்றவர்களும் நடக்க முடியாதவர்களும் திரளாகக் கிடந்தார்கள். கதையில் குணமானவர் ஒருவர்தான். மீதிப் பேர்? நான் அந்த மீதியில் ஒருத்தன். 'விசுவாசம் பத்தல தம்பி' என்று என்னிடம் சொல்பவர்கள் 13ஆம் வசனம் வரை வாசிக்கலாம். குணமானவருக்குத் தன்னைக் குணமாக்கியது யார் என்றே தெரியவில்லை. பிற்பாடு இயேசு அவரிடம் இனிப் பாவம் செய்யாதே என்கிறார், அதைப் பிடித்துக்கொள்வார்கள். 9ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்க, இவரும் இல்லை, பெற்றோரும் இல்லை என்று அதே இயேசு மறுத்ததை வசதியாக விட்டுவிடுவார்கள்.

நான்சி ஐஸ்லண்ட் என்ற அமெரிக்க இறையியலாளர், தானும் ஊனத்தோடு வாழ்ந்தவர், உயிர்த்தெழுந்த உடம்பிலும் காயங்கள் அப்படியே இருப்பதை 1994இல் வந்த தன் நூலில் மையமாக வைத்தார். எனக்கு அதைவிட நெருக்கம் யாத்திராகமம் 4. பேச்சு வராது என்று மோசே தயங்குகிறார். கடவுள் நாக்கைச் சரிசெய்யவில்லை, பேச ஆரோனைக் கூட அனுப்புகிறார். குளத்தங்கரையில் இருந்தவர் இல்லை என்று சொன்னதும் அப்படி ஒரு ஆளைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை என் தலையில் கை வைத்து ஜெபிக்கப் பத்துப் பேர் வருகிறார்கள். வாசல் படிக்குச் சாய்தளம் போடுங்கன்னு மூணு வருஷமா கேக்கறேன். கமிட்டியில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.